பட்டறைக்கல் செட்டுக்கு ரூ.45,000 கொடுக்கலாமா?

கொல்லுவேலை பழக ஆசை, பட்டறைக்கல் (காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் கட்டை), உலை, குறடு எல்லாம் சேர்த்த செட் என்று ஒருவர் ரூ.45,000 கேட்கிறார், வாங்கலாமா என்று திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

வேண்டாம் தம்பி. இப்படிச் செட்டாக விற்கிற பட்டறைக்கல்லில் பல வெறும் வார்ப்பிரும்பு. சுத்தியலால் தட்டிப் பாருங்கள், நல்ல எஃகு என்றால் கணீரென்று சுத்தியலைத் திருப்பி எறியும், வார்ப்பு 'டொக்'கென்று அடங்கிவிடும், அப்புறம் ஓரம் ஓரமாகச் சில்லு பெயரும்.

கனமான எஃகுக் கட்டை ஒன்று, ஒரு கிலோ சுத்தியல், நீளமான குறடு, அடுப்புக்கரி, சின்ன புளோயர், இவ்வளவுதான் தேவை. அந்தக் கட்டைக்குத் தண்டவாளத் துண்டு போதுமே என்பார்கள். போதும்தான், ஆனால் காயலான் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். திருட்டு என்று சந்தேகப்படும்படியான ரயில்வே சொத்து உங்கள் கையில் இருந்தாலே 1966-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், 5 ஆண்டு வரை சிறை. ரயில்வேயே ஏலம் விட்ட பழைய தண்டவாளம் என்றால் தப்பில்லை. ஆனால் ஏலம் எடுத்தவர் கடைக்காரருக்கு விற்றதற்கும் பில் இருக்க வேண்டும், கடைக்காரர் உங்களுக்கு விற்றதற்கும் பில் வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஏலச் சரக்கு என்பது வாய்ப்பேச்சுதான். பில் கேட்டால் டீ வாங்கித் தருவார், பில் தரமாட்டார். அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

முதல் வேலை கத்தி இல்லை, கொக்கி. 10 மில்லி சாதா இரும்புக் கம்பி எடுத்து, ஆரஞ்சு நிறத்தில் காயும்போது அடியுங்கள், சிவப்பு மங்கினால் திரும்ப உலையில் வையுங்கள். அதைத் தண்ணீரில் முக்கினால் அரிவாள் மாதிரி கெட்டியாகாது, கரிச்சத்து போதாது. அரிவாளுக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை வேண்டும், அது ஆறு மாதம் கழித்து. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை மட்டும் உலையில் வைக்காதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

எங்கே கற்பது? கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லரும் உண்டு, ஆனால் ஏற்கனவே தொழிலில் இருப்பவருக்குத்தான். புதிதாக வருகிறவன் எங்கே போவான் என்று கேட்டால் அதிகாரிகள் ஃபார்மைத் தேடுகிறார்கள். பணம் கொடுத்தால் பெயரைச் சேர்த்துவிடுகிறேன் என்று வருகிறவரை வாசலிலேயே அனுப்புங்கள். பக்கத்து ஊரில் அரிவாள் அடிக்கிற பெரியவர் இருந்தால், ஒரு வாரம் உலை ஊதித் தருகிறேன் என்று கேளுங்கள். பருத்திச் சட்டையோடு போங்கள், பாலியஸ்டர் பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.