மொர்கோன் ஒயினில் குமிழும் முட்டை வாடையும்

வணக்கம். நீங்கள் திறந்த, பிரான்சின் பொழொலே வட்டாரத்தைச் சேர்ந்த மொர்கோன் இயற்கை ஒயின் (சேர்மானங்கள் மிகக் குறைவாகச் செய்யப்படுவது) நாக்கில் சுருக்கென்று குத்துவதாகவும், அழுகிய முட்டை வாடை வீசுவதாகவும் எழுதி, கொட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். இயற்கை ஒயினின் முன்னோடியான மறைந்த மார்செல் லாப்பியேரின் வழியில் செல்லும் பொழொலே சிறு உற்பத்தியாளர்கள் ஒயின் கெடாமல் காக்கும் கந்தக டைஆக்சைடை மிகக் குறைவாகவே சேர்ப்பதால், நொதித்தலில் உண்டான கரியமில வாயுவில் சிறிதளவை ஒயினிலேயே விட்டுவைப்பது உண்டு. காற்றிலிருந்து அதைக் காப்பது அந்த வாயுதான். அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, குமிழ்கள் அடங்கும்வரை நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் கழித்துச் சுமார் 14 பாகை செல்சியஸ் குளிர்ச்சியில் அருந்திப் பாருங்கள். முட்டை வாடை பெரும்பாலும் விலகி, இந்த ஒயின் செய்யப்படும் கமே திராட்சைக்கே உரிய செர்ரி மணம் மேலெழும். அந்த மாற்றத்தைக் கிண்ணத்திலேயே உணர்வது எனக்கு மிகவும் பிடித்தமான தருணம். விழுங்கிய சில நொடிகளுக்குப் பிறகு எலிக்கூண்டு நாற்றம் தொண்டையில் எழுந்தால் மட்டும், அது காற்றால் நீங்காத குறை. வாங்கிய கடையில் தெரிவியுங்கள்.