சாயத் தொட்டியில் தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். உற்பத்தித் தொழில்களின் சூழல் பாதிப்பு, நீடித்த வடிவமைப்பு ஆகியவை பற்றி ஆய்வேடு எழுத ஆசை. சொந்த ஊர் திருப்பூர் பக்கம் என்பதால் சாயத் தொழிலை எடுத்துக்கொள்ள நினைத்தேன். “கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்று நீதிமன்றமே சொல்லி, சுத்திகரிப்பு நிலையங்களும் வந்துவிட்டன. இனி ஆய்வு செய்ய என்ன மிச்சம்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சாயம் வேதியியல்காரர்கள் விஷயம், உனக்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செய்யவேண்டிய வேலை நிறைய மிச்சம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி உங்கள் துறையைச் சேர்ந்தது.

நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. உப்பு ஏறிய அந்த நீர் பாய்ந்த மண்ணில் சோடியம் கால்சியத்தை விரட்டிவிட்டு இடம்பிடித்தது. அப்படிப்பட்ட மண் இறுகிப்போகும், மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. விவசாயிகள் விடாமல் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு முறை அங்கே நிலைபெற்றது அந்தப் போராட்டத்தால்தான். அவர்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதலாம்.

உங்கள் நண்பர்கள் உப்பை மறந்துவிட்டார்கள். பருத்தி இழையும், அதோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயமும் நீரில் எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடையைத் தணித்துச் சாயத்தை இழைக்கு அருகே கொண்டுபோகத்தான் உப்பு போடுகிறார்கள். வேலை முடிந்ததும் சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்போ ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நுண்ணுயிர்கள் உப்பைத் தின்பதில்லை, ஓசோன் அதை உடைப்பதில்லை. உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வு நல்ல நீரைப் பிரித்துக் கொடுத்த பிறகு, அத்தனை உப்பும் மிச்சமுள்ள கொஞ்ச நீரில் அடர்ந்து நிற்கும்.

அந்த நீரைக் கொதிக்க வைத்துத்தான் ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆயிரம் லிட்டரை ஒரே கட்டத்தில் ஆவியாக்கினால் சுமார் 628 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் செலவாகும். ஒரு கலத்தின் ஆவியைக் கொண்டு அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல கட்ட ஆவியாக்கிகள் இதை வெகுவாகக் குறைக்கின்றன. ஆனாலும் கொதிகலன் எரிந்தாக வேண்டும், அதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். தெளிந்த உப்புநீரை மறுபடி சாயமேற்றவே பயன்படுத்தும் முறையைத் திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்களில் கொண்டுவந்திருக்கிறார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை அது. அப்படியும் மிஞ்சும் கலப்பு உப்பு, நிறமும் கசடும் சேர்ந்து எதற்கும் உதவாமல் மூட்டையாகக் குவிகிறது. ஆற்றில் இருந்த சுமையின் ஒரு பகுதி புகையாகவும் குவியலாகவும் மாறியிருக்கிறது. ஆற்றைக் காப்பாற்றியதற்கு இந்த விலையைக் கொடுத்தது சரிதான். ஆனால் அந்த விலையைக் குறைக்கவேண்டியது பொறியாளர்களின் கடமை.

எனவே கழிவுக் குழாயின் வாயில் நின்று அளக்கத் தொடங்காதீர்கள். உப்பு உள்ளே வரும் இடத்துக்குப் போங்கள். 100 கிலோ துணி, கிலோவுக்குப் பத்து லிட்டர் நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று ஒரு லாட்டை, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதியை, வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டர் நீரில் 60 கிலோ உப்பு. அதே துணியைக் கிலோவுக்கு ஆறு லிட்டரில் சாயமேற்ற முடிந்தால் 600 லிட்டர் நீர், 36 கிலோ உப்பு. சாயத்தையும் நிறத்தையும் மாற்றவே இல்லை. இயந்திரம் மாறியதால் மட்டும் 24 கிலோ உப்பு உள்ளேயே வராமல் நின்றுவிட்டது.

உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவருக்கு இதுவே பதில். சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் கயிறுபோலத் திரண்ட துணியை நாசில் என்ற குறுகிய வாயிலிருந்து பாயும் நீர் இழுத்துச் செல்கிறது. துணி தன் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். 600 லிட்டரில் பாதி அதிலேயே போய்விட்டால், மீதியை வைத்துத்தான் பம்ப் ஓட வேண்டும். நீர் போதாவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும், துணி நின்று நின்று நகரும், நிறம் திட்டுத்திட்டாகும். நாசிலின் வடிவம், தொட்டியின் அடிப்பகுதி, குழாயில் வீணாக நிற்கும் நீர் எல்லாமே இயந்திரப் பொறியியல் கணக்குகள். நீருக்குப் பதில் காற்றால் துணியை நகர்த்தும் இயந்திரங்களும் உண்டு. நீர் மிச்சமாகும், ஆனால் ஊதுகுழல் மின்சாரம் கேட்கும். எது நல்லது என்பது சுத்திகரிப்பு நிலையத்தில் மிச்சமாகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் தெரியும். ஒரு பொருள் உருவாவது முதல் கழிவாவது வரை அதன் சூழல் பாதிப்பை இப்படிக் கணக்கிடுவதைத்தான் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்கிறார்கள்.

தரவுக்கு வெளிநாட்டுத் தரவுத்தளத்தை முதலில் திறக்காதீர்கள். வேறொரு நாட்டு ஆலையின் மின்சாரமும் எரிபொருளும் நம்முடையவை அல்ல. ஒரு சாய ஆலையில் அனுமதி வாங்கி லாட் கார்டுகளைப் பாருங்கள். துணியின் எடை, நீர், உப்பு, சோடா, நேரம் எல்லாம் அதில் இருக்கும். எத்தனை லாட்டுகள் ஷேடு பொருந்தாமல் திரும்ப வந்தன என்றும் பாருங்கள். நிறத்தை நீக்கி மறுபடி சாயமேற்றிய துணிக்கு நீர், உப்பு, வெப்பம் எல்லாம் இன்னொரு முறை செலவாகின்றன. முதல் முறையே சரியான நிறத்தை எடுக்கும் சாய மாஸ்டர் காப்பாற்றும் நீரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள். பிறகு அந்த மாதம் வாங்கிய உப்பு மூட்டைகளை எண்ணுங்கள். மறுபயன்பாட்டுக்கு வந்த உப்பு எவ்வளவு, குவியலில் எவ்வளவு? கூட்டல் பொருந்தவில்லை என்றால், அந்த வித்தியாசம் எங்கே போனது என்று தேடுவதே ஒரு தனி அத்தியாயம் ஆகும்.

உப்பே வேண்டாத வழிகளும் உண்டு. சாயத்தையும் காரத்தையும் துணியில் பிழிந்தேற்றி, உருளையில் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, பல மணி நேரம் மெதுவாகச் சுழலவிடுவார்கள். சூடாக்க வேண்டாம், உப்பு அறவே இல்லை அல்லது மிகக் குறைவு. நெய்த துணிக்கு இது பழகிய முறை. பின்னலாடைத் துணியோ ஓரம் சுருளும், இழுத்தால் நீளும். திருப்பூரின் துணி அதுதான். அதை இழுபடாமல் விரித்துச் செலுத்தும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றைச் சிறிய ஆலையும் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். என்னிடம் கேட்டால், இதையே ஆய்வேட்டின் மையமாக வைப்பேன். பருத்திக்கே நேர்மின் தன்மை ஏற்றி உப்பைத் தவிர்க்கும் முறையையும் சொல்வார்கள். அதற்கான வேதிப்பொருளைத் தயாரிக்கும் ஆலையில் எவ்வளவு கழிவு வருகிறது என்று கேட்காமல் அதை ஏற்காதீர்கள்.

ஒப்பீட்டை ஒரு கிலோ துணி என்ற அளவில் நிறுத்திவிடாதீர்கள். பத்துத் துவைப்பில் வெளுக்கும் பனியனையும் ஐம்பது துவைப்பு தாங்கும் பனியனையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. உடுத்தும் காலத்தையும் கணக்கில் சேருங்கள். முதல் லாட் கார்டுகள் கையில் கிடைத்ததும் எழுதுங்கள், அந்த எண்களை நாம் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்