முதலில் பிராம்ப்டைப் பாருங்கள்

பிஎஸ்கியூஎல்லுக்குள் போய்விட்டேன், வெளியே வர முடியவில்லை. (கொக்குவில்)

பிஎஸ்கியூஎல் என்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குக் கட்டளை அடிக்கும் நிரல். வெளியே வர பேக்ஸ்லாஷ் கியூ. 11ஆம் பதிப்பிலிருந்து எக்ஸிட் என்று அடித்தாலும் விடும். அதற்கும் அசையாவிட்டால் முடிக்காத கட்டளை ஒன்று தொங்குகிறது. கன்ட்ரோல்-சி கொடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

நேற்று செட் கொடுத்து, அட்டவணைகளைத் தேடும் இடங்களின் வரிசையான சேர்ச் பாத்தை மாற்றினேன். இன்று பழையபடி நிற்கிறது. (நெல்லியடி)

எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்று ஒரு சொல்லும் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்று வைத்துக்கொள்கிறேன். செட், அந்த செஷனோடு, அதாவது அந்த இணைப்போடு, போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் ஆல்டர் ரோல் மூலம் உங்கள் பயனர் பெயரிலேயே பதியுங்கள்.

ஒரு சாமானின் விலையை மாற்றப் போய் கடையில் எல்லாமே 450 ரூபாயாகிவிட்டது. மாற்றத்தைத் திரும்பப் பெற ரோல்பேக் அடித்தேன், வேலை செய்யவில்லை. (சுன்னாகம்)

பேக்கப் இருக்கிறதா? இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் பில் புத்தகத்தோடு உட்காருங்கள், வேறு வழியில்லை.

இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை, ஊர்தான் மாறுகிறது. போஸ்ட்கிரெஸ் என்றால், டிரான்ஸாக்ஷன் (சேர்த்து முடிக்கவோ கைவிடவோ கூடிய கட்டளைத் தொகுதி) எதுவும் நடப்பில் இல்லை என்று திரையில் எச்சரிக்கை வந்திருக்குமே தம்பி, வாசித்தீர்களா? போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் ஆட்டோகொமிட் ஓனில்தான் இருக்கும், அதாவது ஒவ்வொரு கட்டளையும் அடித்த உடனேயே நிரந்தரமாகிவிடும். முதலில் டிரான்ஸாக்ஷனைத் தொடங்கும் பிகின், பிறகு அப்டேட். கீழே வருகிற எண்ணைப் பாருங்கள், அத்தனை வரிசைகள் மாறியிருக்கின்றன. பிஎஸ்கியூஎல்லில் அப்டேட் 1 என்றால் சரி, அப்டேட் 3000 என்றால் ரோல்பேக். எண் சரியாக இருந்தால்தான் கொமிட், அது மாற்றத்தை நிரந்தரமாக்கும். பிஎஸ்கியூஎல்லின் புதிய பதிப்புகளில் பிகின் கொடுத்ததும் பிராம்ப்டில் (கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தில்) ஒரு நட்சத்திரக் குறி வரும். அங்கே அந்தக் குறி திரையில் இல்லாமல் அப்டேட், டிலீட் எதையும் தொடாதீர்கள்.

ஆட்டோகொமிட்டையே ஓஃப் செய்துவிட்டால் என்ன என்பார்கள். செய்யலாம். ஆனால் வெறும் செலெக்ட் கூட டிரான்ஸாக்ஷனைத் திறந்துவிடும், நீங்கள் சாப்பிட்டு வரும்வரை அது அப்படியே கிடக்கும். போதாக்குறைக்கு, ஆட்டோகொமிட் என்ற பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில் அடித்தால் பிஎஸ்கியூஎல் வாய் திறக்காமல் வேறொரு மாறியை உண்டாக்கிவிடும். ஓஃப் செய்துவிட்டதாக நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். மைஎஸ்கியூஎல்காரர்கள் சேஃப் அப்டேட்ஸை ஓன் செய்து வையுங்கள். எந்த வரிசை என்று சொல்லும் 'வெயார்' பகுதியும், எத்தனை வரிசை என்று சொல்லும் லிமிட்டும் இல்லாத அப்டேட்டை அது ஏற்காது.

விண்டோஸில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வருகின்றன. (திருநெல்வேலி)

மைஎஸ்கியூஎல் என்றால் செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4 அடியுங்கள், இணைப்பின் எழுத்துமுறையைக் குறிக்கும் கட்டளை அது. அட்டவணைக்குள்ளேயே கேள்விக்குறியாகப் பதிவாகியிருந்தால் திரும்ப வராது.

கரண்ட் போய் ரூட்டர் நின்றது. வந்து பார்த்தால் அந்த அட்டவணையில் அப்டேட் செய்ய முடியவில்லை, அப்படியே நிற்கிறது. (சாவகச்சேரி)

உங்கள் பழைய செஷன், மற்றவர்கள் மாற்றாதபடி தடுக்கும் பூட்டை சர்வரில் பிடித்துக்கொண்டு இன்னும் இருக்கிறது. நீங்கள் போனது அதற்குத் தெரியாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் வழமையான கீப்அலைவ் கணக்குப்படி தெரியவர இரண்டு மணிநேரமாவது ஆகும். போஸ்ட்கிரெஸ் என்றால், செஷன்களைப் பட்டியலிடும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்' என்று கிடப்பதைத் தேடிப் பிடித்து, பிஜி டெர்மினேட் பேக்எண்டால் முடித்துவிடுங்கள். அதற்கு முன் அது உங்களுடையதுதானா, பக்கத்து மேசைக்காரருடையதா என்று பாருங்கள். பேக்ஸ்லாஷ் கொன்இன்ஃபோ அடித்து, நிற்பது டெஸ்டிலா லைவிலா என்பதையும் பாருங்கள்.

2004ஆம் ஆண்டு விற்பனைப் பதிவுகளின் நேரத்துக்குப் பின்னால் +06 என்று வருகிறது. பிழைதானே? (மானிப்பாய்)

பிழையில்லை. +06 என்றால் உலகப் பொது நேரத்தைவிட ஆறு மணிநேரம் முன். 1996இல் இலங்கையின் நேரத்தை முன்தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஏசியா/கொழும்பு என்ற டைம்ஸோனுக்கு அந்த வரலாறு தெரியும். ஐந்தரை என்று கையால் செட் கொடுத்தால் பழைய பில்கள் எல்லாம் அரை மணிநேரம் பின்னால் போகும்.