மகள் ஊடகக் கற்கை கேட்கிறாள்: கொழும்பு, கொட்டாஞ்சேனைத் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். உயர்தரத்தில் கலைப் பிரிவுக்குப் போய்த் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' எடுக்க வேண்டும், பிறகு திரைப்படம் படிக்க வேண்டும் என்கிறாள். நீங்கள் வணிகப் பிரிவை மனதில் வைத்திருந்தீர்கள். "படம் பார்ப்பதற்கு எதற்கு ஐயா ஒரு படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதியிருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

படம் பார்க்கப் படிப்புத் தேவையில்லை. அந்தப் படம் எந்த இடத்தில் நம்மைக் கலங்க வைத்தது, யாரை நம்ப வைத்தது, அதை எதைக் கொண்டு செய்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் படிப்பு வேண்டும். உங்கள் அண்ணன் மகன் சர்வதேசப் பாடசாலையில் இதே பாடத்தைக் கேம்பிரிட்ஜ் ஏ.எல். ஆகப் படிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவனிடம் கேட்டுப் பாருங்கள். பரீட்சையில் அவன் முன்பு பார்த்திராத தொலைக்காட்சி நாடகத் துண்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவார்கள். கமரா, ஒலி, படத்தொகுப்பு, காட்சிக்குள் வைக்கப்பட்டவை (ஆள், உடை, பொருள், வெளிச்சம்) என நான்கு பக்கமாக அதைப் பிரித்து எழுத வேண்டும். செயன்முறை வேலையில் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத ஒரு திரைப்படத் தொடக்கத்தைப் பெயர் எழுத்துகளுடன் அவனே எடுக்கலாம். அதில் வரும் படமும் ஒலியும் அவனுடையதாக இருக்க வேண்டும். உரிமைத் தடையில்லாத இசைக்கும் ஒலி விளைவுகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. உங்கள் மகள் படிக்கப்போகும் உள்நாட்டுப் பாடத்திட்டம் வேறு. ஆனால் பிரித்துப் பார்க்கும் கண்ணும் எடுத்துப் பார்க்கும் கையும் இரண்டுக்கும் பொது.

இதன் அடித்தளத்தை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் காட்டினார். உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்தார். அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கு அருகிலும், ஒரு சவப்பெட்டிக்கு அருகிலும், ஒரு பெண்ணுக்கு அருகிலும் ஒட்டினார். பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் அந்த முகத்தில் கண்டதாகச் சொன்னார்கள். முகம் மாறவில்லை, பக்கத்தில் வந்த படம்தான் மாறியது. இரவுச் செய்தியிலும் தேர்தல் விளம்பரத்திலும் கைத்தொலைபேசியில் பகிரப்படும் காணொளியிலும் இன்று நடப்பது இதுவே. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இதைக் கற்றுக்கொள்ள விரும்புவது வீண் ஆசை இல்லை, ஐயா.

ஆனால் ஆசை வேறு, பாடம் வேறு. மகளுக்கு எது இருக்கிறது என்பதை நானோ நீங்களோ பேசித் தீர்மானிக்க வேண்டாம். பெறுபேறு வரும்வரை நேரம் இருக்கிறது. அவளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்.

அவளுக்கு மிகப் பிடித்த படத்திலிருந்து மூன்று நிமிடக் காட்சி ஒன்றை அவளே தெரிவுசெய்யட்டும். முதலில் அப்படியே பார்க்கட்டும். அடுத்து ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கட்டும். மூன்றாவது தடவை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காதால் மட்டும் கேட்கட்டும். பிறகு ஒரு கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொரு வெட்டிலும் படத்தை நிறுத்தி எழுத வேண்டும்: இந்த ஷாட் (இரண்டு வெட்டுகளுக்கு இடையில் ஓடும் துண்டு) எத்தனை விநாடி, ஆள் எவ்வளவு கிட்டத்தில், கமரா எந்த உயரத்தில், என்ன கேட்கிறது, இந்த ஷாட்டில் நமக்குப் புதிதாக என்ன தெரியவருகிறது. மூன்று நிமிடத்துக்குள் முப்பது நாற்பது வெட்டுகள் இருக்கலாம். ஒரு மாலைப்பொழுது முழுதும் போய்விடும். அது முடிந்ததும் ஒரு பக்கம் எழுதட்டும்.

அந்தப் பக்கத்தை நீங்களே வாசியுங்கள். சினிமா தெரிந்திருக்கத் தேவையில்லை. "அம்மா பேசும் காட்சி மிகவும் சோகமாக இருந்தது, நடிப்பு அருமை" என்று எழுதியிருந்தால் அது இரசிகை எழுதியது. "அம்மா பேசும்போது கமரா அவளைக் காட்டவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் மகனின் பிடரியைக் காட்டுகிறது. அவன் முகத்தைக் கடைசி வரை நாம் பார்ப்பதில்லை. அதனால் அவன் மன்னித்தானா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாததைப் போல நமக்கும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால், ஐயா, அங்கே ஒரு மாணவி இருக்கிறாள். முதல் தடவையே அப்படி வராது. முதல் பக்கம் முதல் வகையாகத்தான் இருக்கும். இரண்டாவது காட்சியையும் மூன்றாவதையும் அவளாகவே எடுத்துக்கொண்டு உட்காருகிறாளா என்று பாருங்கள். இரண்டாம் நாளே கொப்பி அலுமாரிக்குள் போய்விட்டால், நம் எல்லோரையும் போல அவளுக்கும் படம் பிடிக்கும் என்று மட்டும் அர்த்தம். அது குறையில்லை, அதை நம்பி உயர்தரப் பாடம் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்தது கைவேலை. உங்கள் வீட்டிலேயே, கைத்தொலைபேசியிலேயே, வசனமே இல்லாத ஒரு நிமிடப் படம். ஒருவர் வீட்டுக்கு வருகிறார், மேசையில் ஒரு கடிதத்தைப் பார்க்கிறார், வாசிக்கிறார், உட்காருகிறார். ஏழெட்டு ஷாட் போதும். நீங்களே நடியுங்கள், மகள் உங்களை இயக்கட்டும். எளிதாகத் தெரியும் இந்த வேலைக்குள் அரை வருடப் பாடம் இருக்கிறது.

வாசலிலிருந்து மேசைக்கு நீங்கள் இடமிருந்து வலமாக நடந்தால், அடுத்த ஷாட்டிலும் வலப்பக்கமாகவே நடக்க வேண்டும். கமராவை உங்களின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் எடுத்துவிட்டால் திரையில் நீங்கள் வந்த வழியே திரும்பிப் போவதைப் போல இருக்கும். இதை 180 பாகை விதி என்பார்கள். புத்தகத்தில் வாசித்தால் மண்டையில் ஏறாது. இரண்டு ஷாட்டையும் ஒட்டிப் பார்க்கும்போது ஒரு நொடியில் புரியும்.

பிறகு வெளிச்சம். குழல் விளக்கின் கீழ் எடுத்த படம் சில சமயம் துடிக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு ஒரு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்கு அது தெரியாது, கமராவுக்குத் தெரியும். விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் (ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளி விழும் நேரம்) விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் துடிப்பு அடங்கிவிடும். பல கைத்தொலைபேசிகள் தாமாக 30 சட்டகத்தில் நிற்கும். இதை மாற்ற இலவச ஆப்கள் இருக்கின்றன. யன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. தொடங்குபவர்களுக்கு யன்னலைவிட நல்ல விளக்கு கிடையாது.

ஒலியில்தான் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், இரைச்சலைப் பொறுக்க மாட்டார். மின்விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்த வேண்டும். திரும்பப் போட மறந்துவிடாமல் இருக்க வாகனச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது படப்பிடிப்புக்காரர்களின் வழக்கம். கொட்டாஞ்சேனையில் முச்சக்கரவண்டியும் வரும், புனித லூசியா பேராலயத்து மணியும் வரும், கோவில் மணியும் வரும். அவற்றை எதிரியாக நினைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பின் ஒருவரும் அசையாமல் அந்த அறையின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவுசெய்யட்டும். வெட்டுகளுக்கு அடியில் அதை விரித்தால் ஷாட்டுகள் ஒன்றோடொன்று சேரும். மணியோசையைத் தனியாகப் பதிந்து, கடிதத்தை மடிக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கட்டும். அந்த ஓர் இடத்தில் வைத்தால் ஒரு கதை, இரண்டு விநாடி தள்ளி வைத்தால் வேறு கதை.

இனி, நீங்கள் உண்மையில் பயப்படும் விடயத்துக்கு வருகிறேன்: பல்கலைக்கழகமும் வேலையும்.

உயர்தரத்தில் மூன்று பாடங்களின் புள்ளிகளையும் ஒப்பிடக்கூடியதாகச் சமப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளிதான் பல்கலைக்கழக வாசலைத் திறக்கும். ஆகவே ஊடகக் கற்கையை மட்டும் நேசித்து மற்ற இரண்டையும் கைவிடும் பிள்ளைக்கு வாசல் திறக்காது. தமிழோ, அரசியல் விஞ்ஞானமோ, நாடகமும் அரங்கியலுமோ, தகவல் தொடர்பாடல் தொழினுட்பமோ அவளுக்குக் கைகொடுக்கும். எவற்றைச் சேர்த்து எடுக்கலாம், ஊடகக் கற்கைக்குத் தமிழ்மொழி ஆசிரியர் இருக்கிறாரா என்று பாடசாலையில் நேரில் கேளுங்கள். ஆசிரியர் இல்லாமல் ரியூஷனை மட்டும் நம்பி எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

களனிப் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பாடல் துறை இருக்கிறது. ஹொரணையில் இருக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகத்திலும் ஊடகம் படிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள் துறையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கையும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கைந்நூலில் எந்தக் கற்கைநெறிக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு, எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்பதை அந்த ஆண்டுப் பதிப்பிலேயே பாருங்கள். பழைய பதிப்பை நம்ப வேண்டாம்.

தனியார் டிப்ளோமாக்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேரும் முன் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத்தொழில் கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்யப்பட்டதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, போன வருடம் படித்தவர்கள் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கமராவுக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் மழுப்பினால் பணத்தைக் கட்டாமல் திரும்பி வாருங்கள்.

வேலை என்றதும் இயக்குநர் நாற்காலி ஒன்றுதான் எல்லோர் மனதிலும் வருகிறது. கொழும்பில் இந்தப் படிப்பு சோறு போடும் இடங்கள் வேறு. தொலைக்காட்சி நிலையங்களின் தமிழ்ச் சேவைகளில் படத்தொகுப்பு, விளம்பர நிறுவனங்களில் எழுத்து, தொண்டு நிறுவனங்களுக்கான ஆவணப்படம், கம்பனிகளின் பயிற்சிக் காணொளி, திருமணப் படப்பிடிப்பு, உபதலைப்பு. இவை எல்லாவற்றிலும் சான்றிதழுக்கு முன் "எதைச் செய்திருக்கிறாய், காட்டு" என்றுதான் கேட்பார்கள். முடித்த ஒரு நிமிடப் படம், முடிக்காத ஒரு மணி நேரப் படத்தைவிடப் பெறுமதியானது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மகளின் சிங்களம் எப்படி? இந்த நாட்டுச் சினிமா எந்தக் காலத்திலும் ஒரு மொழிக்குள் அடங்கி நின்றதில்லை. 1947இல் வெளியான முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படப்பிடிப்பு நடந்தது தமிழ்நாட்டில். 1977இல் யாழ்ப்பாணத்துக் கதையான 'பொன்மணி'யைத் தமிழில் இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர். இன்றும் கொழும்பில் ஒரு படப்பிடிப்புக் குழுவுக்குள் போனால் மூன்று மொழியும் காதில் விழும். தமிழில் நன்றாக எழுதி, சிங்களத்தில் தயங்காமல் பேசி, ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த பெண்ணுக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறது. அதை இப்போதே, உயர்தரம் தொடங்கும் முன்பே, கவனியுங்கள். வீட்டில் இருந்து கற்க முடியாவிட்டால் சிங்களம் பேசும் அயல்வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படம் எடுக்கட்டும். மொழி தானாக வரும்.

இரவு நேர வேலையைப் பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிடப் போவதில்லை. படப்பிடிப்பு நேரம் நீளும். பெண் பிள்ளைகளை மதிக்காத இடங்களும் இருக்கின்றன. யாருடைய குழு, எப்போது முடியும், திரும்பிவர வாகனம் யார் தருவது என்ற மூன்றையும் முன்கூட்டியே கேட்டு, பதில் சரியில்லாவிட்டால் மறுத்துவிடும் துணிவை அவளுக்குக் கொடுங்கள். பயந்து பூட்டி வைத்தால் அவள் உங்களிடம் சொல்லாமல் போவாள். சொல்லிவிட்டுப் போகும் பிள்ளைதான் பாதுகாப்பான பிள்ளை.

கடைசியாக, கமரா. பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தோடு தொடங்கிய கடிதத்தில் இந்த வரியைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்தது. இப்போது வேண்டாம், ஐயா. சட்டையில் குத்தும் ஒரு சிறிய மைக்கும், கைத்தொலைபேசி பொருத்தும் ஒரு முக்காலியும் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக் கணினி ஓரளவு வலுவானதாக இருந்தால் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே படத்தொகுப்புக்குப் போதும். இல்லாவிட்டால் தொலைபேசியிலேயே தொகுக்கட்டும். உயர்தரம் முடியும்வரை அவளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

பெறுபேறு வந்ததும், பாடசாலையில் பாடத் தெரிவுப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன், மகளோடு ஒரு சனிக்கிழமை வாருங்கள். கொப்பியையும் படத்தையும் கொண்டுவரட்டும். கணக்கியலில் அவளுக்கு உண்மையில் விருப்பம் உண்டா என்பதையும் அன்றைக்கே அவளிடம் கேட்போம். வணிகப் பிரிவு என்ற உங்கள் எண்ணத்தையும் அவள் முன்னால் வைத்துப் பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்