ஏப்ரல் லீவும் குதிகால் வலியும்: சில கேள்விகள், ஒரு ஃபிசியோவின் பதில்கள்

மார்ச் பிறந்துவிட்டால் போதும், இடுப்பு வலி, கழுத்து வலி எல்லாம் பின்னுக்குப் போய் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி பாதத்தைப் பற்றியே இருக்கும். காரணம் தெரிந்ததுதான். புதுவருஷ லீவுக்கு நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து மலை இறங்குகிறோம், பிள்ளைகளுக்கு ஹங்வெல்லைப் பக்கம் லெஷர் வேர்ல்ட் விளையாட்டுப் பார்க்கும் தண்ணீர்ச் சறுக்கலும்தான் கனவு, அம்மா அப்பாவுக்கோ நாள் முழுக்க நிற்கிற நினைப்பே வயிற்றைக் கலக்குகிறது. கேட்டவர்களில் பாதிப் பேர் என்னை டொக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஃபிசியோ. மருந்து மாற்றுவது என் வேலையில் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தலவாக்கலையில் டீச்சராக இருக்கிறேன், வயது 38. ஏழு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறுவது போல இருக்கும், நடக்க நடக்கக் குறையும், கடைசிப் பாடம் முடியும்போது மறுபடி தொடங்கும். இன்னும் ஆறு வாரத்தில் பிள்ளைகளோடு லெஷர் வேர்ல்ட் போகிறோம். அதுவரை காலுக்கு நல்ல ஓய்வு கொடுத்தால் அந்த ஒரு நாள் தாங்குமா?

தாங்காது டீச்சர். இரண்டு மாதம் வகுப்புக்கே வராத பிள்ளையை நேரே பரீட்சை மண்டபத்தில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், காலும் அப்படித்தான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் பிளான்டர் ஃபசைட்டிஸ். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு கெட்டியான பட்டி ஓடுகிறது, ஒவ்வொரு அடியிலும் அதுதான் இழுபட்டு வளைவைத் தாங்குகிறது. அது குதியில் ஒட்டியிருக்கும் இடம் நொந்து போயிருக்கிறது. இரவெல்லாம் பாதம் தளர்ந்து கிடக்கும்போது பட்டி சுருங்கி இறுகுகிறது, காலையில் முதல் அடியில் திடீரென்று இழுபடுவதால்தான் அந்த ஆணி. நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது: ஏற்றமும் இறக்கமுமாக நடந்து நடந்து கெண்டைக்கால் சதை இறுகிப் போயிருக்கும், அது இறுகினால் பட்டிக்கு இழுவை கூடும்.

அதனால் கட்டிலில் இருக்கும்போதே தொடங்குங்கள். வலது காலை இடது முழங்கால்மேல் போட்டு, கையால் விரல்கள் ஐந்தையும் சேர்த்துப் பிடித்து முன்னங்கால் பக்கம் மடக்குங்கள், அடிப்பாதத்தில் பட்டி கயிறு மாதிரி விறைப்பது மற்றக் கை விரலுக்குத் தெரிய வேண்டும். பத்து விநாடி பிடித்து விடுங்கள், இப்படிப் பத்துத் தடவை. இதைச் செய்யாமல் தரையில் கால் வைக்காதீர்கள். பாத்ரூம் அவசரம் என்றால் ஐந்து தடவையாவது.

அப்புறம் ஒன்று விட்டு ஒரு நாள் மாலையில் படிக்கட்டில் ஒரு பயிற்சி. ஒரு துவாயைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி மடங்கியிருக்கும்படி நின்று, குதியை மூன்று விநாடியில் உயர்த்தி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறக்குங்கள். சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு காலாலும், பழகியதும் வலியுள்ள ஒற்றைக் காலால். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. இதன் முழுப் பலன் தெரிய மூன்று மாதமாவது எடுக்கும், உங்களிடம் இருப்பது ஆறு வாரம், அதனால் வலி அறவே போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். பாதியாகக் குறைந்தாலே அந்த நாள் வேறு நாளாக இருக்கும்.

நடையையும் சேர்த்துக் கூட்டுங்கள். இப்போது இருபது நிமிடம் நடக்க முடிகிறது என்றால் அதிலிருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் ஏற்றுங்கள், முடிந்தால் மட்டமான தார் ரோட்டில், ஏனென்றால் அங்கே நடக்கப் போவது சிமெந்துத் தரை. அளவுகோல் மறுநாள் காலை முதல் அடி: நேற்றைவிட அதிகமாகக் குத்தினால் நேற்று நடந்தது கூடிப்போச்சு, ஒரு படி இறங்குங்கள். அன்றைக்கு மட்டும் தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து அடிப்பாதத்தில் பத்து நிமிடம் உருட்டலாம். தலவாக்கலைக் குளிரில் ஐஸா என்று கேட்பீர்கள், மேஸ் போட்டுக்கொண்டு உருட்டுங்கள்.

பயண நாளில் எல்லோரும் மறக்கிற இடம் வேன். ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று மணிக்கணக்கில் வளைந்து வளைந்து இறங்குகிறோம், காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வாசலில் குதித்து இறங்கினால் காலை வலி இரண்டாம் தடவை வரும். கித்துல்கலவில் தேத்தண்ணிக்கு நிறுத்தச் சொல்லி இறங்கி நடங்கள், இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன் சீட்டிலேயே அந்த விரல் மடக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். பக்கத்து சீட்டு மாமா பார்ப்பார், பார்க்கட்டும்.

உள்ளே போனபின் நடப்பதைவிட வரிசையில் அசையாமல் நிற்பதுதான் காலைக் கொல்லும். நிற்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றுங்கள், குதியை ஏற்றி இறக்குங்கள், நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வலி வரும்வரை காத்திராமல் உட்காருங்கள். தண்ணீர்ப் பக்கம் வெறுங்காலோடு நடப்பதைக் குறையுங்கள், தொட்டி விளிம்பு வரை கெட்டியான ரப்பர் செருப்போடு போக விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் குதிகாலில் எலும்பு முள்ளு மாதிரி வளர்ந்திருக்கிறது என்றார்கள். அதை வெட்டி எடுக்காமல் எப்படி வலி போகும்? (கொட்டகலை, 47)

போகும். வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் அந்த முள் இருக்கிறது. அது தரையில் குத்துவதால் வலி வருவதில்லை. மேலே டீச்சருக்குச் சொன்னதைச் செய்யுங்கள். இந்த வகைக் குதிகால் வலி கத்தி இல்லாமலே பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் படத்தை அலுமாரியில் வையுங்கள், தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள்.

அம்மாவுக்கு 56 வயது, இன்னும் மலையில் கொழுந்து எடுக்கிறார். பத்து வருடமாகச் சீனி வருத்தம். பாதம் எரிகிறது, சில இடம் மரத்துப்போயிருக்கிறது என்கிறார். அட்டை கடிப்பதும் தெரிவதில்லை, போன மாதம் சிலிப்பர் ஒன்று கழன்று விழுந்ததே தெரியாமல் லயம் வரை வந்துவிட்டார். "எனக்கு வலியே இல்லை, நான் வாரேன்" என்று நிற்கிறார். கூட்டிப் போகலாமா? (பொகவந்தலாவை)

தம்பி, இன்றைக்கு வந்த கேள்விகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். அட்டை கடிப்பது எனக்கும்தான் தெரியாது, அதை விடுங்கள். ஆனால் சிலிப்பர் கழன்றது தெரியாமல் நடந்தார் என்பது சின்ன விஷயமில்லை. நாள்பட்ட சீனி பாதத்து நரம்புகளைக் கெடுத்துவிட்டிருக்கிறது என்பதற்கு அது பெரிய அடையாளம். வலி இல்லை என்பது அவர் விஷயத்தில் நல்ல செய்தியாகாது, கல் குத்தினாலும் கொப்புளம் வெடித்தாலும் சொல்ல ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில், பயணத்துக்கு முன் வருகிற கிளினிக் நாளில் சீனியை மட்டும் பார்த்துவிட்டு வராமல், "பாதத்தையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு எங்கே உணர்ச்சி இல்லை என்று பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. கால் நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூட்டிப் போகலாம், ஆனால் வெறுங்காலோடு ஒரு அடி கூட வேண்டாம். மத்தியான வெயிலில் சிமெந்து எவ்வளவு சுடுகிறது என்பதை அவர் பாதம் அவருக்குச் சொல்லாது. பயணத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்குவீர்கள், அதில்தான் வினையே. ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டு, கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவருக்குக் குனிந்து பார்க்க ஏலாது என்றால் தரையில் கண்ணாடியை வைக்கலாம். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் நம் குளிரில் கம்பளி மேஸோடு அளவாக இருந்தது கீழ்நாட்டு வெக்கையில் கால் வீங்கிக் கடிக்கும். ஒவ்வொரு முறை போடும் முன்னும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், ஒருவருடைய சப்பாத்துக்குள் இரண்டு நாளாகக் கிடந்த தேயிலைக் கொட்டையை நானே எடுத்திருக்கிறேன், அவருக்குத் தெரியவே இல்லை.

இரவு வீட்டுக்கு வந்ததும் "காலுக்கு இதமாக" சுடுதண்ணியில் ஊற வைக்காதீர்கள். இந்த ஒரு பழக்கத்தால் வெந்துபோன பாதங்களைப் பார்த்திருக்கிறேன். சின்னப் புண் கண்டால் அன்றைக்கே காட்டுங்கள். பாதம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலி மட்டும் இல்லாமல் இருந்தால் அதுவும் அன்றைக்கே.

மகனுக்கு 11 வயது, ஃபுட்போல் விளையாடிவிட்டு வந்தால் இரண்டு குதியும் வலி என்று நொண்டுகிறான். பார்க்கில் ஓட விடலாமா? (நுவரெலியா)

எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் இது சகஜம். குதி எலும்பின் வளரும் பகுதி இன்னும் கெட்டியாகாத வயது, ஓடிக் குதிக்கும்போது கெண்டைக்கால் சதையைக் குதியோடு சேர்க்கும் தசைநாண் அதை இழுக்கிறது. வளர்ந்ததும் போய்விடும். பயணத்துக்கு முந்திய வாரம் மட்டும் விளையாட்டைக் குறைத்து, குதியில் மெத்தையான சப்பாத்துப் போட்டு விடுங்கள், ஓடட்டும். இரவில் வலியால் எழும்பினால், காய்ச்சல் இருந்தால், ஒரு குதி மட்டும் வீங்கினால் அது வேறு கதை, டொக்டரிடம் போங்கள்.

பெப்ரவரியில் சிவனொளிபாதமலை ஏறி இறங்கியதிலிருந்து பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் வலி, மூன்று வாரமாகிறது. விரலால் அழுத்தினால் உயிர் போகிறது. பயிற்சி சொல்லுங்கள். (நோர்வூட், 29)

பயிற்சி சொல்ல மாட்டேன். பழக்கமில்லாத கால் ஒரே இரவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி ஏறி இறங்கி, அதன்பின் விரல் நுனி அளவு இடத்தில் எலும்பு வலித்தால் மயிரிழை வெடிப்பு இருக்கலாம், டொக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், "படம் நல்லா இருக்கு" என்று சொன்னாலும் வலி நிற்காவிட்டால் மறுபடி போங்கள். வெடிப்பு என்றால் ஆறு முதல் எட்டு வாரம் பாரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். பயணத்தை ஆகஸ்ட் லீவுக்குத் தள்ளுங்கள்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். செந்தோசாவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போவதாகத் திட்டம். எனக்கு 61 வயது, பிரஷருக்கு லொசார்டன் குடிக்கிறேன், இரண்டு வருடமாகக் குதி வலி. போகிற வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, பையில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை வைத்துக்கொண்டால் சமாளிக்கலாமா? (பண்டாரவளை)

ஊசியை முதலில் பார்ப்போம் அண்ணன். ஸ்டீரொய்ட் ஊசி சில வாரத்துக்கு வலியைக் குறைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டி அறுந்துபோவதும், குதிக்கு அடியிலுள்ள கொழுப்பு மெத்தை தேய்வதும் அதன் அபாயங்கள், அடிக்கடி நடப்பதில்லை என்றாலும் நடப்பதுண்டு. ஊசி போட்ட கையோடு நாள் முழுக்க நடப்பது, வலி என்கிற எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் திருடனைக் கூப்பிடுவது போல. கட்டாயம் வேண்டும் என்று உங்கள் டொக்டர் நினைத்தால் அதைப் பயணத்துக்குப் பல வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

டைக்ளோஃபினாக், புரூஃபன் இரண்டும் பிரஷரை ஏற்றும், லொசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதி, அதிலும் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் திரிகிற நாளில். பார்மசியில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். ஈரலில் பிரச்சினை இல்லாவிட்டால் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு போடலாம், குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: சக்கர நாற்காலி. கோபப்பட வேண்டாம். யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சுமார் 20 ஹெக்டேயர், அங்கே நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். விமான நிலையத்துக்கும் எயார்லைனிடம் இரண்டு நாள் முன்பே சொல்லி வைத்தால் ஆள் வந்து தள்ளிக்கொண்டு போவார், காசு இல்லை. "ஊரில் யாராவது படத்தில் பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நடக்க முடிகிற வரை நடங்கள், முடியாதபோது உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது என்பதற்காக நாள் முழுக்க அதிலேயே இருக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள், அவர்களுக்கு அதுவே ஒரு விளையாட்டு.

நான் வந்தால் எல்லோருக்கும் தொல்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிற்க வேண்டும். வீட்டிலேயே இருந்து கோழிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். (மஸ்கெலியா, 63)

அம்மா, கோழிக்குப் பக்கத்து வீட்டில் சொல்லலாம். கூட்டமும் சத்தமும் பிடிக்கவில்லை, அதனால் போகவில்லை என்றால் அது உங்கள் இஷ்டம், நானும் அப்படித்தான். காலுக்காக மட்டும் நிற்கிறீர்கள் என்றால் போங்கள்.

போனதும் முதல் ஒரு மணி நேரம், கால் புதிதாக இருக்கும்போது, பிள்ளைகளோடு சுற்றுங்கள். அதற்குப்பின் நிழலில் ஓர் இடத்தைப் பிடித்து பைகளோடு உட்கார்ந்துவிடுங்கள், எல்லோரும் சாப்பாட்டுக்கு உங்களிடம்தான் வர வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடையும் துவாயும் உங்களிடம் இருந்தால் யாரும் உங்களைத் தொல்லை என்று நினைக்க மாட்டார்கள், பசித்தவுடன் தேடி வருவார்கள். இன்னொரு பையைக் குதிக்குக் கீழே வைத்துக் காலை நீட்டுங்கள், அரை மணிக்கு ஒரு தரம் எழும்பி நாலு அடி நடந்து மறுபடி உட்காருங்கள். திரும்பி வரும்போது வேனில் முன் சீட்டை இப்போதே சொல்லி வையுங்கள், கால் நீட்ட அங்கேதான் இடம், பிந்தினால் மருமகன் ஏறி உட்கார்ந்துவிடுவார்.