துள்ளலான ஜப்பானிய பாப் பாட்டுகளில் அந்தப் பாரம்பரிய மணம் எப்படி வருகிறது?

முதலில் ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை. மேஜர் ஸ்கேலில் நாலாவது, ஏழாவது ஸ்வரங்களை விட்டுவிட்டால் யோனானுகி என்ற ஜப்பானிய ஸ்கேல். நம் மோகன ராகத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள்! கீபோர்டில் எஃப் ஷார்ப்பை ஸட்ஜமாக வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். சோகம் கலக்க மியாகோபுஷி என்ற இன்னொரு ஸ்கேல்: ச ரி1 ம1 ப த1, அதாவது 'கர்நாடக சுத்த சாவேரி' ராகம்.

ஆனால் உயிர் ஷாமிசென் என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம்தான். மூன்றே தந்தி. வட ஜப்பானின் சுகாரு பாணியில் 'பாச்சி' என்ற அகன்ற மட்டை தந்தியோடு வாத்தியத்தின் உடலில் போர்த்திய தோலையும் சேர்த்து அறைவதால் மெட்டும் தாளமும் ஒரே வீச்சில் கேட்கும். நாதம் சட்டென்று அடங்கிவிடும். ஸ்வரத்தை நீட்டாமல் வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் இசையமைப்பவர்கள் பலர் கிடார் மாதிரி கார்டு (chord, ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள்) போட்டே இதைக் கெடுக்கிறார்கள். கரகரவென்று ஒலிக்கும் டிஸ்டார்ஷன் கிடாரும் அதை விழுங்கிவிடும். ஷாமிசென் வரும் இடத்தில் கிடாரின் ஒலியைத் தாழ்த்துங்கள்.