குடோனில் எது எங்கே? ஏஐ ஏஜென்ட்டுக்கு விளக்கம் எழுதும் முறை

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்களுது பனியன் கம்பெனி நூல் குடோனுங்க. எந்த மூட்டை எந்த ரேக்குல இருக்குதுன்னு தேடற டூல் ஒண்ணைச் செஞ்சு ஏஐ ஏஜென்ட்டோட இணைச்சிருக்கறோம். கேட்டா பல நேரம் "சரக்கு இல்லை"ங்குது. போய்ப் பார்த்தா மூட்டை அங்கயே கிடக்குது. டூலுக்கு எழுதுன விளக்கம் பத்தலைங்கறாங்க. என்ன எழுதோணுங்க?
— வாசகர், திருப்பூர்

பதில்: ஏஜென்ட் (கேள்வியைப் புரிந்துகொண்டு டூலைத் தானே இயக்கும் ஏஐ) டூலுக்குள் இருக்கும் புரோகிராமைப் படிப்பதில்லை. டூலின் பெயர், அதன் விளக்கம், கொடுக்க வேண்டிய தகவல்களின் பட்டியல் ஆகிய மூன்றுதான் அதற்குத் தெரியும். ஏஐயை வெளி டூல்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற பொது முறையில் இணைத்திருந்தாலும் இதேதான். "பொருளின் இடத்தைத் தேடும்" என்று ஒரே வரியில் விட்டால், மிச்சத்தை அது ஊகித்துக்கொள்ளும்.

உங்கள் "இல்லை"யில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கலாம்: தேடியும் அந்த லாட் (ஒரே தடவையில் தயாரான நூல் தொகுப்பு) கிடைக்கவில்லை, லாட் நம்பர் தப்பான வடிவில் போனது, சர்வரே பதில் தரவில்லை. மூன்றுக்கும் வெறும் காலிப் பட்டியல் திரும்பினால் ஏஜென்ட் "சரக்கு இல்லை" என்றுதான் சொல்லும். அதை நம்பி இருக்கும் நூலையே மறுபடி வாங்கிவிடுவீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிலை டூல் தரட்டும். அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும். உதாரணமாக: "சர்வர் பதில் தரவில்லை. இதை இருப்பு இல்லை என்று சொல்லாதே. ஒரு முறை திரும்ப முயன்று, அப்போதும் வராவிட்டால் கேட்டவரிடம் அப்படியே சொல்."

விளக்கத்தின் முதல் வரியிலேயே எல்லையைக் கட்டிவிடுங்கள்: "இந்த டூல் இடத்தை மட்டும் சொல்லும். எத்தனை கிலோ இருக்கிறது, எந்த ஆர்டருக்கு ஒதுக்கியது என்பதைச் சொல்லாது. அதற்கு இருப்பு டூலைப் பயன்படுத்து."

அடுத்தது, டூலுக்குக் கொடுக்க வேண்டிய தகவல்கள். "30 எங்கே?" என்று ஆட்கள் கேட்பார்கள். அது 30 கவுண்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) கோம்டா (சீவிக் குட்டை இழைகளை நீக்கியது), கார்டடா (அப்படி நீக்காதது)? ஒரே கவுண்டிலும் லாட் மாறினால் துணியில் பட்டை விழும், சாயம் ஏறுவதிலும் வித்தியாசம் தெரியும். ஆகவே கவுண்ட், வகை, லாட் மூன்றும் தனித்தனிக் கட்டமாக இருக்க வேண்டும். வகைக்கு "கோம்டு, கார்டடு" என்று அனுமதித்த சொற்களை மட்டும் பட்டியலிடுங்கள். லாட் சொல்லப்படாவிட்டால் காலியாக விடு, பல லாட் வந்தால் நீயே ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் கேட்டவரிடமே கேள் என்றும் எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு லாட் நம்பர் போடும்போது கவனம். கேட்டவர் நம்பர் சொல்லாதபோது, மாதிரியில் உள்ளதையே ஏஜென்ட் எடுத்துப் போட்டுவிடுவதுண்டு.

இடக் குறியீட்டையும் உடைத்துச் சொல்லுங்கள். "பி-03-07-2 என்றால் பி லைன், 3ஆம் ரேக், 7ஆம் கட்டம், கீழிருந்து 2ஆம் தட்டு." தட்டை மேலிருந்து எண்ணுகிறோமா கீழிருந்தா என்பதை எழுதாமல் விட்டுத்தான் ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். குறியீடும் லாட் நம்பரும் எழுத்து வகையாக இருக்கட்டும், எண் வகை வேண்டாம். எண்ணாக வைத்தால் 007 வெறும் 7 ஆகிவிடும். பட்டியல் எக்செல் வழியாக வந்திருந்தால் 03-07 தேதியாகவே மாறியிருக்கலாம். மூட்டை இருந்தும் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம், முதலில் அதைப் பாருங்கள்.

பதிலோடு கடைசியாக ஸ்கேன் செய்த நேரமும் வரட்டும். காலை 9 மணிக்குப் பதிந்த இடத்தை மாலையில் சொல்லும்போது, "காலை 9 மணி நிலவரப்படி" என்று சேர்த்துச் சொல்ல ஏஜென்ட்டைப் பணியுங்கள்.

கேள்வி: எங்க மஞ்சள் குடோன்ல ரேக்கே இல்லீங்க, மூட்டைகளை அட்டி போட்டுத்தான் வச்சிருக்கறோம். இதுக்கு இடக் குறியீடு எப்படிங்க? விளக்கத்தைத் தமிழ்ல எழுதலாமுங்களா?
— வாசகர், ஈரோடு

பதில்: தரையில் பெயின்டால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எண், அதில் உள்ள அட்டிக்கு ஓர் எண் கொடுத்தால் போதும். அட்டியைப் பிரித்து மாற்றி அடுக்கினால் பழைய எண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அடியில் இருக்கும் மூட்டையை எடுக்க மேலே உள்ளதை இறக்க வேண்டும் என்பதால், "மேலே வேறு லாட் உள்ளது: ஆம், இல்லை" என்ற தகவலும் பதிலில் இருந்தால் சுமை ஆட்களுக்கு வேலை மிச்சம்.

தமிழில் தாராளமாக எழுதலாம். ஆனால் கம்ப்யூட்டரில் விரலி, கிழங்கு என்ற வகைகள் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கின்றனவோ, அதே எழுத்துகளை விளக்கத்திலும் போடுங்கள். ஆட்கள் வாயில் வரும் மற்றப் பெயர்களை அதன் பக்கத்தில் எழுதுங்கள். விளக்கம் ஒவ்வொரு கேள்வியோடும் ஏஜென்ட்டுக்குப் போகிறது, அதற்குக் காசும் ஆகிறது. சாப்ட்வேர் எப்போது மாற்றினோம் என்ற வரலாறெல்லாம் அதில் வேண்டாம்.

எழுதி முடித்ததும், குடோன் ஆட்கள் உண்மையில் கேட்ட 20 கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே எடுத்து ஓட்டிப் பாருங்கள். இல்லாத லாட்டைக் கேட்பவை 3, லாட் நம்பரைப் பாதி மட்டும் சொல்பவை 3 அதில் இருக்க வேண்டும். விளக்கத்தில் ஒரு வரி மாற்றினாலும் அந்த இருபதையும் மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: "சரக்கை நகர்த்தாதே" என்று விளக்கத்தில் எழுதினால் போதுமா?
— வாசகர், பல்லடம்

பதில்: போதாது. தேடும் டூலின் லாகினுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். பூட்டு சர்வரில் இருக்க வேண்டும்.